ஐஸ் மூளைக்கு எதையும் கொடுப்பதில்லை: 130 வருடக் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பின் ஒரு பிளேன்டியோடு ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டியது. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது.

"ஐஸ் எடுத்தால் அழிவு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஜும்ஆவில் சொல்கிறோம், பாடசாலைக் காலைக் கூட்டத்தில் சொல்கிறோம், சந்தியில் பதாதை கட்டியும் சொல்கிறோம். அதெல்லாம் தேவைதான். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது: "அது மூளைக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது?" விற்பவன் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறான். "தூக்கம் வராது, உடம்பில் சக்தி வரும், சோதனைக்கு விடிய விடியப் படிக்கலாம்" என்கிறான். அவன் சொல்வதில் அரைவாசி உண்மை இருப்பதால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். மற்ற அரைவாசியை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதைச் சொல்வதற்கு இரண்டு கதைகள் வேண்டும். ஒன்று, இந்தப் பொருள் எப்படி உலகத்துக்கு வந்தது என்ற கதை. மற்றது, மூளையின் கலங்கள் ஒன்றோடு ஒன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை மனிதன் கண்டுபிடித்த கதை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியவை. ஆனால் முதலாவது கதை எப்போதும் முன்னால் ஓடியது. இரண்டாவது கதை மூச்சு வாங்கப் பின்னால் வந்தது. அந்த இடைவெளிக்குள் அகப்பட்டவர்கள் இலட்சக்கணக்கான மனிதர்கள்.

மருந்துச் செடியிலிருந்து வந்த பொருள்

சீன வைத்தியத்தில் 'மா ஹுவாங்' என்றொரு செடி உண்டு. இழுப்புக்கும் தடிமனுக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். ஜேர்மனியில் படித்துவிட்டு நாடு திரும்பிய ஜப்பானிய இரசாயனவியலாளர் நாகாய் நாகயோஷி, 1885இல் அந்தச் செடியிலிருந்து எபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1893இல் அதே எபெட்ரினைக் கொண்டு இன்னொரு புதிய பொருளை உருவாக்கினார். அதுதான் மெதம்பெட்டமைன். 1919இல் ஓகாதா அகிரா என்ற மற்றொரு ஜப்பானியர் அதைப் படிக வடிவில் செய்து காட்டினார். இன்று எமது ஊர்களில் 'ஐஸ்' என்று கைமாறுவது இந்தப் படிகம்தான்.

அதன் உறவுக்காரப் பொருளான அம்பெட்டமைன், 1887இல் பேர்லினில் லசார் எடலேனு என்ற ருமேனியரின் கையில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு பொருளும் பல வருடங்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தன. செய்தவர்களுக்கே அவை மனிதனுக்குள் என்ன செய்யும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏனென்றால் மூளையின் கலங்கள் எப்படிப் பேசுகின்றன என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டு கரை, நடுவில் ஓர் ஆறு

மூளை என்பது ஒரே துண்டாகப் பின்னிய வலை என்று பலர் நம்பியிருந்த காலம் அது. ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் வருடக்கணக்காக இருந்து, பார்த்ததை அப்படியே கையால் வரைந்தார். ஒவ்வொரு நரம்புக் கலமும் தனித்தனி என்று வாதிட்டார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கலம் இன்னொரு கலத்தைச் சந்திக்கும் இடத்துக்கு ஆங்கிலேயரான செரிங்டன் 1897இல் 'சினப்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்த இடத்தில் மிகச் சிறிய இடைவெளி ஒன்று உண்டு. ஏறக்குறைய 20 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பிறகு, 1950களில்தான் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

அப்படியானால் செய்தி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எப்படிப் போகிறது? மின்பொறியாகப் பாய்கிறது என்றார்கள் சிலர். ஏதோ ஓர் இரசாயனம் நீந்திப் போகிறது என்றார்கள் வேறு சிலர்.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த பேராசிரியர் ஒட்டோ லோவி இதற்கு விடை கண்டார். ஒரு நாள் இரவு பரிசோதனை ஒன்றுக்கான யோசனை கனவில் வந்ததாகவும், அரைத் தூக்கத்தில் கிறுக்கி வைத்ததை விடிந்ததும் தன்னாலேயே வாசிக்க முடியாமல் போனதாகவும் அவர் பின்னாளில் சொன்னார். அடுத்த இரவும் அதே யோசனை வந்ததாம். இம்முறை எழுதிக்கொண்டு நிற்கவில்லை, எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனித் திரவத்தில் துடிக்க விட்டார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அது கிடந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு விட்டார். அந்த இதயத்தை எந்த நரம்பும் தூண்டவில்லை. ஆனாலும் அதன் துடிப்பும் மெதுவானது. செய்தியைக் கொண்டு போனது திரவத்தில் கரைந்திருந்த ஓர் இரசாயனம். 1921இல் இந்த முடிவு வெளியானது. 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை எமது மண்ணில் வைத்துச் சொல்வதென்றால், கிண்ணியாப் பாலம் வருமுன் எமது மூத்தவர்கள் 'பாதை'யில் ஏறித் துறை கடந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்புக் கலத்தின் கரையில் சிறு சிறு பைகளில் தூதர்கள் காத்திருக்கிறார்கள். செய்தி வந்ததும் பை திறக்கும். தூதர்கள் ஆற்றில் குதித்து நீந்தி அக்கரைக் கதவைத் தட்டுவார்கள். செய்தி சேர்ந்துவிடும். பிறகு அவர்களை ஏற்றித் திரும்பக் கொண்டுவர இக்கரையில் ஒரு பாதை நிற்கிறது. திரும்பி வந்தவர்கள் மீண்டும் பைக்குள் போய் அடுத்த செய்திக்குக் காத்திருப்பார்கள். இந்தப் பாதையை மறந்துவிடாதீர்கள். ஐஸின் வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1938: இரண்டு கதைகளும் சந்தித்த வருடம்

1938இல் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவைப் பிடித்தது. யூதர் என்பதற்காக லோவியைச் சிறையில் போட்டார்கள். நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் நோபல் பரிசுப் பணத்தைத் தங்கள் வங்கிக்கு மாற்றச் சொன்னார்கள். அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறினார்.

அதே 1938இல்தான் பேர்லினின் டெம்லர் கம்பனி 'பெர்விட்டின்' என்ற குளிசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது மெதம்பெட்டமைன். வைத்தியர் துண்டு இல்லாமலே மருந்துக் கடையில் வாங்கலாம். களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் நல்லதென்று விற்றார்கள். கலங்கள் பேசும் வழியைக் கண்டுபிடித்தவரை விரட்டிய அதே ஆட்சியில், அந்தப் பேச்சைக் குழப்பும் பொருள் மிட்டாய் போல விற்பனையானது.

பேர்லின் இராணுவ வைத்தியக் கல்லூரியின் உடற்றொழிலியலாளர் ஒட்டோ ராங்கே அந்தக் காலப்பகுதியில் மாணவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். அது தூக்கத்தை விரட்டியது. ஆனால் மாணவர்களின் அறிவைக் கூட்டவில்லை. "விடிய விடியப் படிக்கலாம்" என்று இன்று எமது பிள்ளைகளிடம் சொல்லப்படும் கதையின் மறுபாதி அப்போதே தெரிந்த ஒன்றுதான். ஆனால் இராணுவத்துக்குத் தேவைப்பட்டது தூங்காத சிப்பாய். 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரையான நான்கு மாதங்களில் மாத்திரம் 3 கோடி 50 இலட்சத்துக்கு மேற்பட்ட குளிசைகள் ஜேர்மன் படைகளுக்குப் போயின. பிற்காலத்தில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிக் பொல், அன்று இளம் சிப்பாயாக இருந்து, பெர்விட்டின் அனுப்பச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. குளிசை தந்த நாட்களுக்குப் பின்னால் உடைந்து விழும் நாட்கள் வந்தன. விட முடியாதவர்கள் பெருகினார்கள். 1941 ஜூலையில் அதே ஜேர்மனி பெர்விட்டினை அபின் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் படைகளில் அதன் பாவனை முற்றாக நிற்கவில்லை.

அடுத்தது ஜப்பானின் முறை. அங்கே இதன் பெயர் 'ஹிரோபொன்'. போர்க்காலத்தில் படையினருக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தோருக்கும் கொடுத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் மிஞ்சியிருந்த களஞ்சியம் சந்தைக்கு வந்தது. வேலையில்லாத, வீடிழந்த, தோற்றுப்போன நாட்டின் வாலிபர்கள் அதை வாங்கினார்கள். 1951இல் தடைச்சட்டம் வந்தது. 1954ஆம் ஆண்டில் மாத்திரம் அந்தச் சட்டத்தின் கீழ் 55,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். நாகாய் அதை உருவாக்கி 60 வருடங்களுக்குப் பின், அவருடைய சொந்த நாடே அதில் அகப்பட்டுக் கொண்டது.

இவ்வளவும் நடந்து முடியும்வரை, இந்தப் பொருள் மூளையில் எங்கே கை வைக்கிறது என்பது எவருக்கும் சரியாகத் தெரியாது.

எமது பக்கத்துச் செடி காட்டிய வழி

இந்த இடத்தில் எமக்குத் தெரிந்த ஒரு செடி கதைக்குள் வருகிறது. சிங்களத்தில் 'ஏகவேரிய' என்றும் வடமொழியில் சர்ப்பகந்தா என்றும் சொல்லப்படும் செடி. இலங்கையிலும் இந்தியாவிலும் நாட்டு வைத்தியர்களுக்குப் பழக்கமானது. அதன் வேரிலிருந்து சுவிஸ் நாட்டு சீபா கம்பனியின் ஆய்வாளர்கள் 1952இல் ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

சுவீடன் நாட்டு ஆவிட் கார்ல்சன் 1957இல் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. ரெசர்பின் அந்தத் தூதர் பைகளைக் காலியாக்கியிருந்தது. பிறகு அவர் எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்தார். மூளை டோபமைன் என்ற தூதரைச் செய்வது இந்தப் பொருளிலிருந்துதான். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து திரிந்தன. அதுவரை டோபமைனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வேறொரு தூதரைச் செய்வதற்கான இடைநிலைப் பொருள் என்றே நினைத்திருந்தார்கள். அசைவதற்கும் முயற்சிப்பதற்கும் அதுதான் தேவை என்று அந்த முயல்கள் காட்டின. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குச் சற்று முன்னர், 1954இல், கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மெல்லிய கம்பி வைத்து, எலி தானே விசையை அழுத்தி மின்தூண்டல் எடுக்கும்படி செய்தார்கள். எலி வேறு வேலையை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பாதைகளில் ஓடும் முக்கிய தூதர் டோபமைன் என்பது பின்னர் தெரியவந்தது. "இது நல்லது, இதை மறக்காதே, மறுபடியும் செய்" என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடம் அது. பசிக்கு உண்ணும்போதும், பிள்ளையைத் தூக்கும்போதும், கஷ்டப்பட்ட கணக்குக்கு விடை வரும்போதும் அந்த இடம் மெதுவாகப் பேசுகிறது.

கடைசித் துண்டை அமெரிக்காவின் ஜூலியஸ் அக்செல்ரொட் வைத்தார். வெளியே போன தூதரை நரம்புக் கலம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று 1961இல் காட்டினார். நாம் சொன்ன அந்தப் பாதை அதுதான். கொக்கெயின் அந்தப் பாதையைக் கரையில் கட்டிப்போட்டுவிடுகிறது என்பதும் தெரியவந்தது. தூதர்கள் ஆற்றிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஐஸ் செய்யும் வேலை

ஐஸ் அதைவிட மோசமான வேலை செய்கிறது. அது பார்வைக்கு டோபமைன் போலவே இருப்பதால் பாதை அதையும் பயணி என்று நினைத்து ஏற்றிக்கொண்டு உள்ளே கொண்டுவருகிறது. உள்ளே வந்ததும் பைகளைக் கசிய வைக்கிறது. சேமித்திருந்த டோபமைன் எல்லாம் கொட்டுகிறது. பிறகு பாதையைத் தலைகீழாக ஓட வைக்கிறது. திரும்பக் கொண்டுவர வேண்டிய பாதை, உள்ளிருப்பவர்களை ஏற்றி ஏற்றி வெளியே இறக்குகிறது. எந்தச் செய்தியும் வரவில்லை. எந்த நல்ல காரியமும் நடக்கவில்லை. ஆனால் அக்கரைக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தட்டப்படுகின்றன.

எலிகளில் அளந்து பார்த்தபோது, உணவு அந்த இடத்தின் டோபமைனை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கியது. அம்பெட்டமைன் அதைப் பத்து மடங்கு வரை கொண்டுபோனது. கொக்கெயினின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். மெதம்பெட்டமைனுக்கு ஏறக்குறைய 10 மணித்தியாலங்கள் வேண்டும்.

இப்போது தலைப்பைப் பாருங்கள். ஐஸ் வெளியிலிருந்து ஒரு துளி மகிழ்ச்சியையும் கொண்டுவரவில்லை. பிள்ளையின் மூளை அவனுக்காகச் சேர்த்து வைத்திருந்ததை அது ஒரே இரவில் கொள்ளையடித்துச் செலவழிக்கிறது. அடுத்த நாள் பை காலி. இத்தனை தட்டலைத் தாங்க முடியாமல் அக்கரையும் தன் கதவுகளைக் குறைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சாப்பாடு ருசிக்காது, கிரிக்கெட் இனிக்காது, உம்மாவின் குரல்கூட எரிச்சலாக இருக்கும். நாட்கணக்கில் தூங்காமல் இருந்தவன் நாட்கணக்கில் தூங்குவான். காரணமில்லாத சந்தேகமும் பயமும் சிலருக்கு வரும். மறுபடி எடுப்பது சந்தோஷத்துக்காக என்று நாம் நினைக்கிறோம். பலர் எடுப்பது சாதாரணமாக இருப்பதற்காக.

"தேத்தண்ணியும் ஊக்கிதானே, சேர்?"

வகுப்பில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நல்ல கேள்வி. இது புதிய கேள்வியுமல்ல. யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருப்பதற்காகக் கோப்பி குடித்தார்கள். அது மக்கா வந்தபோது, 1511இல் மம்லூக் அதிகாரியான காயிர் பேக் அதைத் தடைசெய்தார். ஆலிம்கள் இரு பக்கமும் நின்று வாதிட்டார்கள். தடை நீடிக்கவில்லை. அனுபவத்தால் அவர்கள் எடுத்த முடிவுக்கு விஞ்ஞானம் பிறகு விளக்கம் தந்தது. நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன் அந்த அடினோசினின் கதிரையில் சற்று நேரம் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். அது டோபமைன் பைகளை உடைப்பதில்லை, பாதையைத் திருப்புவதுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் மெதில்பெனிடேட் என்ற மருந்து கொடுப்பார்கள். அதுவும் அந்தப் பாதையில்தான் வேலை செய்கிறது. ஆனால் அளந்த அளவில், மெதுவாக, வைத்தியரின் கண்காணிப்பில். அப்படி மருந்தெடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பதிவைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

திரும்பி வரும் வழி

2001இல் அமெரிக்காவில் நோரா வொல்கோவின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. மெதம்பெட்டமைன் எடுத்து விட்டவர்கள் ஐந்து பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். நாம் பேசிய அந்தப் பாதைகள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. அதே ஐவரையும் 12 முதல் 17 மாதங்கள் தொடர்ந்து விலகியிருந்த பின்னர் மீண்டும் படமெடுத்தார்கள். மூளையின் ஒரு பகுதியில் 19 வீதமும் இன்னொரு பகுதியில் 16 வீதமும் பாதைகள் கூடியிருந்தன. ஞாபகமும் கை கால் வேகமும் அந்த அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய தொகைதான். ஆனாலும் மூளை தன் துறையைத் திரும்பக் கட்டத் தொடங்குகிறது என்பதற்கு அது கண்ணால் பார்த்த சாட்சி.

அந்த மாதக் கணக்கைத்தான் இந்தப் பதிவில் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். பன்னிரண்டு முதல் பதினேழு மாதங்கள். நாம் எத்தனை நாள் பொறுக்கிறோம்? புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வந்த பிள்ளை இரண்டாவது வாரமே சுருண்டு படுத்திருந்தால் "இவன் திருந்த மாட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவன் சோம்பேறியாக இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அவனுடைய பை இன்னும் நிறையவில்லை, பாதை இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கார்ல்சனின் முயல்களைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை.

ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்து உண்டு. ஐஸுக்கு அப்படி உறுதியான மருந்து இன்னும் வரவில்லை. ஆற்றுப்படுத்தலும், காலமும், பக்கத்தில் நிற்கும் மனிதர்களும்தான் இப்போதைக்கு இருக்கும் மருந்து. அந்த மருந்தில் பெரும்பகுதி ஊரின் கையில் இருக்கிறது.

விற்பவனுக்கு நாம் இரக்கம் கேட்கவில்லை. 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் கடத்தினால் மரண தண்டனை வரை உண்டு. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அகப்பட்ட பிள்ளைக்குத்தான் ஊர் தேவை. ஆகவே எமது வேண்டுகோள்கள் மூன்று.

பெற்றோரே, சந்தேகம் வந்தால் மூடி மறைக்காமல் ஆரம்பத்திலேயே உதவி கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பள்ளி நிர்வாகத்தினரே, விளையாட்டுக் கழகத்தினரே, திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு வேலையும் ஒரு இடமும் கொடுங்கள். ஸப்பில் பக்கத்தில் நிற்கும்போது விலகி நிற்காதீர்கள்.

பிள்ளைகளே, "இது சக்தி தரும்" என்று யாராவது கையில் வைத்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: யாருடைய சக்தி? அது உங்களுடையதுதான். உங்களிடமிருந்தே எடுத்து உங்களுக்கே விற்கிறான்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் உள்பெட்டியில் எழுதலாம். பதில் தெரிந்தவற்றுக்கு நாம் எழுதுவோம், மற்றவற்றுக்கு வைத்தியர்களிடம் கேட்டு எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.